முன்பல்லின் பின்னால் ஒரு கொம்பு

மார்ச் 4

அத்தானுக்கு,

இன்று மார்ச் நான்கு, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. உங்கள் மகளின் மேல்வரிசையில் இதுவரை முளைத்திருக்கும் நிலைப்பற்கள் நான்கு. முன்பல் இரண்டு, கடைவாய்ப்பல் இரண்டு. அதில் மூன்று பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கின்றன. இடது முன்பல் மட்டும் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் என்னை வெளியே நிறுத்திப் பட்டறை ஷட்டரை இழுத்துவிட்டீர்கள். என் போனை எடுக்கப் போவதில்லை என்று சபதம் போட்டிருப்பதாக அக்கா சொன்னாள். எனவே எழுதுகிறேன்.

அந்தப் பல்லின் பின்பக்கம், ஈறிலிருந்து நுனியை நோக்கி ஒரு கொம்பு முளைத்திருக்கிறது. எங்கள் தொழிலில் அதைக் கழுகு நகம் என்போம். விழுந்து அடிபட்டு வந்ததில்லை. மிட்டாய் தின்று வந்ததில்லை. அக்கா வயிற்றில் சுமந்தபோது எதையோ சாப்பிடாமல் விட்டாள் என்று உங்கள் வீட்டில் யாராவது ஆரம்பித்தால் அதையும் இப்போதே நிறுத்துங்கள். பல் தாடைக்குள் உருவாகும்போதே மடிப்பு அப்படி விழுந்துவிட்டது.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். கொம்புக்கு இரண்டு பக்கமும் குறுகலான பள்ளம் இருக்கிறது. பிரஷ் அங்கே போகாது, சொத்தை அங்கேதான் ஆரம்பிக்கும். கீழ்ப்பல் ஏறி வந்து கொம்பில் இடிக்கிறது. அவளை வாயை மூடச் சொல்லிப் பாருங்கள், கடைவாய் ஒன்றோடொன்று சேராது. இடித்து இடித்து ஒரு நாள் கொம்பு ஒடியும். கொம்புக்குள் நரம்பு ஓடினால், ஒடிந்த இடம் கிருமிக்குத் திறந்துவிட்ட வாசல்.

பிடுங்கக் கூடாது. ஒரே மூச்சில் தேய்த்துத் தள்ளவும் கூடாது. முதலில் பள்ளத்தை அடைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் தேய்க்க வேண்டும். சில வாரம் விட்டு மறுபடி கொஞ்சம். நடுவில் கிடைக்கும் நேரத்தில் பல் உள்பக்கம் தன் சுவரைத் தானே தடித்துக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்கள் கோபம்.

ஏப்ரல் இரண்டாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு, எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் அவளுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். கூட்டி வாருங்கள்.

உங்கள் மைத்துனன்

*

மார்ச் 11

டாக்டர் தம்பிக்கு,

கடுதாசி வந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை எங்கயாவது மடிப்புல ஒளிஞ்சிருக்கான்னு தேடினேன். இல்ல.

ஷட்டர நான் ஏன் இழுத்தேன்னு நீ எழுதல, அதனால நான் எழுதறேன். பட்டறைல அஞ்சு பேர் டீ கிளாஸோட நிக்கறாங்க. பிள்ளை ஆப்பிளக் கடிச்சிட்டு வர்றா. நீ அவ தாடையைப் பிடிச்சுத் தூக்கி, போன் லைட்ட அடிச்சு, "இது உருவக் கோளாறு, இப்படியே விட முடியாது"ங்கற. ஏதோ ரிப்பேருக்கு வந்த பம்புசெட்டப் பாத்துச் சொல்ற மாதிரி. அவ யாரு தெரியுமில்ல? பட்டறைக்கு வந்தா என் நாற்காலில உக்காந்து, எல்லாரையும் அதட்டி, லேத்துக்கு எண்ணெய் விட்டாச்சான்னு கேக்கறவ. நாங்க எல்லாரும் முதலாளின்னுதான் கூப்பிடறோம். அன்னிக்குச் சாயந்தரம் முதலாளி என்கிட்ட வந்து கேக்கறாங்க, "அப்பா, நான் கோளாறா?"

நீ வந்து பதில் சொல்லு. எனக்குத் தெரியல.

அதுல இருந்து சிரிக்கும்போது வாயில கைய வெச்சுக்கறா. உன் வைத்தியத்துல முதல் வேலை அதுதான் நடந்திருக்கு.

அடுத்து உன் கடுதாசிக்கு வர்றேன். "கொஞ்சம் தேய்க்க வேண்டும்." "மறுபடி கொஞ்சம்." தம்பி, கொஞ்சம்னா எவ்வளவு? என்கிட்ட வர்ற கஸ்டமர் இப்படிப் பேசினா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவேன். இந்தப் பட்டறைல வாய்ப்பேச்சுல வேலை எடுக்கறதில்ல. டிராயிங் வேணும், அதுல அளவு வேணும், கீழ கையெழுத்து வேணும். இரும்புக்கே அப்படின்னா என் பிள்ளை பல்லுக்கு? நீ அஞ்சு வருஷம் படிச்சிருக்க. வரைஞ்சு அனுப்பு, பாக்கறேன்.

இன்னொண்ணு. உன் ஊருக்கு வர ஒரு முழு நாள் பஸ்ஸு, திரும்ப ஒரு நாள். ஒவ்வொரு "கொஞ்சத்துக்கும்" ஸ்கூலுக்கு மட்டம் போடணும். யோசிச்சு எழுது.

உன் அக்கா புருஷன்

*

மார்ச் 18

அத்தானுக்கு,

கேள்வி சரி. "கொஞ்சம்" என்பது அளவில்லை. டிராயிங் இணைத்திருக்கிறேன்.

பல்லைப் பக்கவாட்டில் நெட்டாக அறுத்தால் எப்படித் தெரியுமோ அந்தத் தோற்றம், பத்து மடங்கு பெரிதாக. வெளிக்கோடு எனாமல். அதற்குள் உள்பல், கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். நடுவில் சிவப்புப் பேனாவில் போட்டிருப்பது நரம்பு. அதிலிருந்து ஒரு கிளை கொம்புக்குள் நுழைகிறது, பாருங்கள். அக்கா பக்கத்துக் கிளினிக்கில் எடுத்து அனுப்பிய எக்ஸ்ரேயை வைத்து வரைந்தது.

கொம்பின் உயரம் மூன்று மில்லிமீட்டர். நுனியிலிருந்து நரம்புக்கு ஒன்றரை. ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது. அடுத்தது ஆறு வாரம் கழித்து. வைரத்தூள் பதித்த முனை. தண்ணீர் விடாமல் தொடவே கூடாது, சூடேறினால் நரம்பு வெந்துவிடும். தேய்த்த இடத்தில் ஃப்ளூரைடு பூச்சு. உங்கள் ஃபோர்மேனிடம் காட்டினால் அவருக்கும் புரியும். எங்கள் கல்லூரியில் இதைவிடத் தெளிவாக எவனும் வரைந்ததில்லை. கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன், திருப்திதானே?

"கோளாறு" நான் கண்டுபிடித்த வார்த்தை இல்லை. புத்தகத்தில் அந்தப் பாடத்தின் தலைப்பே அதுதான். மன்னிப்பு வேண்டுமென்றால் புத்தகத்தை எழுதியவரிடம் கேளுங்கள். ஒரு பல்லைப் பற்றிச் சொன்னதைப் பிள்ளையைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

ஏப்ரல் இரண்டு. மறக்க வேண்டாம்.

உங்கள் மைத்துனன்

*

ஏப்ரல் 3

அத்தான்,

நேற்று ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை அந்த நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். வெளியே வரிசையில் கன்னம் வீங்கிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பெரிய டாக்டர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "சொந்தக்காரங்க வந்தாச்சா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

டிராயிங் கேட்டீர்கள், கொடுத்தேன். இனி என்ன சாக்கு?

*

மே 12

மாப்ள,

உக்காந்து படி. கத்தாத.

ஏப்ரல் ரெண்டுக்கு நாங்க ஏன் வரலன்னா, அதுக்கு முன்னாடியே முதல் வேலை முடிஞ்சுடுச்சு. மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை, அன்னிக்கு மட்டும் பட்டறை லீவு. உன் டிராயிங்க பெஞ்சு மேல ஒட்டினேன். நல்ல டிராயிங், அத மறுக்கல. நீ கேட்ட வைர முனை என்கிட்ட இல்லாமயா? டை அச்சுக்கு மெருகு போடற ஊசி அரம், வைரத்தூள் பூசினது, புதுப் பாக்கெட். கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்தேன். கைய மூணு தரம் சோப்பு போட்டுக் கழுவினேன். உன் அக்கா வீட்டுல இல்ல.

முதலாளி அவங்க நாற்காலிலயே உக்காந்தாங்க. "என்னப்பா பண்ணப் போற?"ன்னாங்க. "பிசிறு எடுக்கப் போறேன்"னேன். "ஓ, அவ்வளவுதானா"ன்னு வாயத் திறந்துட்டாங்க. கோளாறு இல்ல, பிசிறு. பிசிறு வராத வேலை உலகத்துல எங்க இருக்கு? அவளுக்கு அது நல்லாத் தெரியும். கொம்பு நுனில பேனா மையால அரை மில்லிமீட்டருக்குக் கோடு போட்டு, மருந்து டிராப்பர்ல தண்ணி விட்டுக்கிட்டே, மை அழியற வரைக்கும் மட்டும் இழுத்தேன். வெர்னியர் வெச்சுப் பாத்தேன். ரெண்டரை. உன் ஆஸ்பத்திரில எவனும் இவ்வளவு சமமா எடுத்திருக்க மாட்டான். அன்னிக்குச் சாயந்தரம் அவ கைய வெக்காம சிரிச்சா.

நேத்தோட உன் ஆறு வாரம் முடிஞ்சுது. ரெண்டாவது அரையும் எடுத்துட்டேன். இப்ப ரெண்டுல நிக்குது. உன் கணக்குப்படி நரம்புக்கு இன்னும் அரை பாக்கி.

ஒரே ஒரு சந்தேகம். தேய்ச்ச எடத்துக்கு நடுவுல ஊசி குத்தின மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. துடைச்சா போகுது, கொஞ்ச நேரத்துல திரும்ப வருது. காத்து பட்டாலே முகத்தச் சுளிக்கறா. நேத்துல இருந்து பால் மட்டும்தான் குடிக்கறா. உன் டிராயிங்ல அந்த எடத்துல சிவப்பு எதுவும் இல்லியே. அது என்ன?

இத உங்க ஊரு பஸ் டிரைவர்கிட்டக் குடுத்தனுப்பறேன். நாளைக்கு உன் கைக்கு வரும்.

*

மே 16

அத்தானுக்கு,

அது நரம்பு.

உங்களுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அக்காவுக்குச் செய்தேன். அவளிடம் நீங்கள் ஒரு வார்த்தையும் மூச்சு விட்டிருக்கவில்லை. அவள் உங்களை என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தப் பகுதியை நான் திரும்ப எழுதவில்லை. அக்காவும் பிள்ளையும் இப்போது என் அறையில்தான் இருக்கிறார்கள். நீங்கள் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டீர்களாம்.

புதன்கிழமை காலை செய்ததைச் சொல்கிறேன். மரத்துப்போக ஊசி போட்டு, திறந்திருந்த இடத்தைச் சுத்தம் செய்து, கெட்டுப்போயிருக்கக்கூடிய மேல்நரம்பை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் எடுத்தேன். ரத்தம் தானாக நின்றது. அது நல்ல அடையாளம். உயிருள்ள நரம்பின் மேல் ஒரு சிமெண்டை வைத்து, மேலே பல் நிறத்தில் அடைத்து மூடினேன். பக்கத்துப் பள்ளங்களையும் அடைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

பெரிய டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "திறந்து மூணு நாள் ஆச்சு. முழு நரம்பையும் எடுத்துட்டு மூடு, எதுக்கு வம்பு?" என்றார். நான் மாட்டேன் என்றேன். இந்த வயதில் அந்தப் பல்லின் வேர் முடிந்திருக்காது. அடியில் குழாய் மாதிரித் திறந்திருக்கும், சுவர் முட்டை ஓடு கனம்தான். நரம்பு செத்தால் வேர் அதோடு நின்றுவிடும். பிறகு ஒரு பந்து முகத்தில் பட்டால் போதும், முன்பல் ஈறோடு ஒடிந்து விழும். நரம்பு பிழைத்தால் வேர் வளரும். இதை அவருக்கு முன்னால் நின்று சொன்னேன். "அப்ப கேஸ் ஷீட்டுல உன் பேரைப் போடு. கெட்டா உன் தலை" என்றார். போட்டேன்.

பிழைக்குமா? தெரியாது. தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டேன்.

எக்ஸ்ரே என்பது முன்பக்கத்திலிருந்து விழும் நிழல். கொம்பும் பல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் விழும். கொம்புக்குள் நரம்பு எதுவரை வருகிறது என்று அந்த நிழலை வைத்து யாரும் அளக்க முடியாது. நான் ஊகித்தேன். ஊகித்ததைப் புள்ளிக்கோடாக வரைந்து, அளவு போடாமல் விட்டிருக்க வேண்டும். "கொஞ்சம்னா எவ்வளவு" என்று நீங்கள் கேட்ட எரிச்சலில் முழுக்கோடு இழுத்து, ஒன்றரை என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். டிராயிங் கிடைத்தால் வேலையைச் செய்து முடித்துவிடும் ஆளிடம் டிராயிங்கைக் கொடுத்தேன். அது என் பங்கு.

இதனால் உங்கள் பங்கு குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாங்கள் தேய்க்கும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி, நிறம் பார்ப்போம். மஞ்சள் ஆழமாகி அடியில் இளஞ்சிவப்பு தட்டினால் அளவு என்ன சொன்னாலும் கை நின்றுவிடும். அது எந்த டிராயிங்கிலும் வராது. அந்தப் பார்வைக்குத்தான் கூட்டி வரச் சொன்னேன். அரத்தை என்னிடம் அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மைத்துனன்

*

மே 24

மாப்ள,

அரம் அனுப்ப மாட்டேன். அது என் பட்டறை அரம்.

நீ எழுதினத ஃபோர்மேன்கிட்டப் படிச்சுக் காட்டினேன். டிராயிங் தப்பு, கை தப்பில்லன்னு அவரும் சொன்னாரு. பத்தொம்பது வருஷமா ஒரு பீஸும் என் கையால வீணாப் போனதில்ல. இதையும் வீணாப் போக நான் விடல. நீ போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னேன். நீ எத்தன தடவை கத்தினாலும் இதத்தான் சொல்லுவேன்.

ஆனா அன்னிக்கு அவ நாற்காலில இருந்து எறங்கி, வாயப் பொத்திக்கிட்டு, "பரவால்லப்பா, கொஞ்சமாத்தான் வலிக்குது"ன்னா பாரு. அதுக்கப்புறம் எந்த மெஷினப் போட்டாலும் அந்தச் சத்தம்தான் கேக்குது. கூட வராததுக்குக் காரணம் அதுதான். உனக்குப் பயந்துன்னு நினைச்சுக்காத.

உனக்கும் உன் அக்காவுக்கும் தெரியாத ஒண்ணச் சொல்றேன். என் மேல் முன்பல்லு, இடது பக்கம், கட்டின பல்லு. கல்யாணத்துக்கு முன்னாடியே கட்டினது, அவளே இதுவரைக்கும் கண்டுபிடிக்கல. முதலாளி வயசுல எனக்கும் அதே எடத்துல அதே கொம்பு. ஒரு டாக்டர் பாத்தாரு. இதே வார்த்தை, கோளாறு. அடுத்த நிமிஷம் பல்லு தட்டுல கிடந்துச்சு. பத்து வருஷம் ஓட்டையோட திரிஞ்சேன். பள்ளிக்கூடத்துல எனக்கு "ஜன்னல்"னு பேரு. வாத்தியார்கூட அப்படித்தான் கூப்பிடுவாரு. அதனால நீ லைட்ட அடிச்சு அந்த வார்த்தையச் சொன்னதும் எனக்கு ஷட்டரத் தவிர வேற எதுவும் கைக்கு வரல. பிடுங்கக் கூடாதுன்னு நீ முதல் கடுதாசில எழுதினத நான் நம்பல. எல்லாரும் வரவழைக்க அப்படித்தான் எழுதுவாங்க. நானே எடுத்துட்டா கொம்பு போகும், பல்லு நிக்கும். அவ்வளவுதான் என் கணக்கு.

பல்லு நிக்குமா, நிக்காதா? உன் பெரிய டாக்டர் என்ன சொன்னாலும் அந்தப் பல்லு தட்டுல விழக் கூடாது. விழுந்தா நீ இந்த வீட்டுப் பக்கம் வராத. நானும் வீட்டுல இருக்க மாட்டேன்.

அப்புறம் அந்த வார்த்தைய நீதான் திரும்ப எடுத்துக்கணும். புத்தகம் எடுத்துக்காது.

உன் அத்தான்

*

ஜூலை 2

அத்தானுக்கு,

அக்கா இதற்குள் சொல்லியிருப்பாள். அவள் சொன்னால் பாதி அழுகை, பாதி உங்களைத் திட்டுவது, நடுவில் பல் காணாமல் போய்விடும். அதனால் எழுதுகிறேன். நேற்று நீங்களும் பஸ்ஸில் வந்து, எங்கள் கேட்டுக்கு எதிரே இருக்கும் டயர் கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். கடைக்காரர் நீங்கள் டயர் வாங்க வந்தவர் என்று நினைத்து நான்கு தடவை விலை சொன்னாராம்.

உங்கள் முதலாளி தானாக ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரிய டாக்டர் வந்து, "பயமா இருக்கா பாப்பா?" என்றார். "உங்களுக்கு இருக்கா?" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எக்ஸ்ரே எடுத்தேன். அடியில் சீழின் நிழல் இல்லை. சிமெண்டுக்குக் கீழே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிகிறது. நரம்பு தன் மேல் தானே கட்டிக்கொண்ட கூரை என்று நான் சொன்னேன். எக்ஸ்ரேயில் விழுந்த கோடுதானே என்று பெரிய டாக்டர் சொன்னார். இந்தத் தடவை நானும் அவரோடு ஒத்துப்போனேன். கோட்டை நம்பி ஒரு தடவை பட்டிருக்கிறோம். அதனால் குளிர் வைத்துப் பார்த்தோம். ஒரு பஞ்சில் குளிரூட்டும் மருந்தைப் பிடித்துப் பல்லின் முன்பக்கம் வைத்தால், செத்த பல் சும்மா இருக்கும். உயிருள்ள பல் கூசும்.

வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது உங்கள் மகள் என் விரலைக் கடித்தாள். நன்றாக, கையுறையைத் தாண்டிப் பல் பதியும்படி. "கூசுதுன்னா கைய எடுக்க மாட்டியா மாமா?" என்றாள்.

பல் உயிரோடு இருக்கிறது. வேர் வளருமா என்பது இன்னும் சில மாதங்களில்தான் தெரியும். உயிரோடு இருக்கிறது என்பது இன்றைக்குத் தெரியும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவளிடம் நேராகப் பேசினேன். "மாமா அன்னிக்குச் சொன்ன வார்த்தை தப்பு. உன் பல்லோட வடிவம் வேற மாதிரி. அதைக் கொஞ்சம் கவனமாப் பாத்துக்கணும். அவ்வளவுதான்" என்றேன். "எங்கப்பா பிசிறுன்னு சொன்னாரு" என்றாள். "அதுவும் தப்பு" என்றேன். "ரெண்டு பேருக்கும் சரியாச் சொல்லத் தெரியல" என்றாள்.

உங்கள் கட்டின பல்லைப் பற்றி அக்காவிடம் நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். இப்படிப்பட்ட பல் குடும்பத்தில் இறங்கி வரும். உங்கள் வாயில் என்ன நடந்தது என்று முதல் நாளே தெரிந்திருந்தால் என் வேலை பாதியாகியிருக்கும். உங்களைத் திட்டுவதற்கு நான் வைத்திருக்கும் காரணங்களில் இப்போது இதுதான் முதலில் நிற்கிறது.

இனி நடக்கப் போவதை எழுதுகிறேன். அனுமதி கேட்டு எழுதவில்லை.

1. பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை நான் உங்கள் ஊருக்கு வருகிறேன். ஷட்டரை இழுத்தால் வெளியே உட்காருவேன். எனக்கும் டயர் கடையில் உட்காரத் தெரியும்.

2. அவளுடைய முன்பற்களுக்கு இரு பக்கமும் உள்ள பற்கள் இப்போது ஈறைக் கிழித்துக்கொண்டு வருகின்றன. இப்படிப்பட்ட வாயில் அந்தப் பற்களின் பின்னால் ஊசித் துளை மாதிரிக் குழி இருக்கலாம். வெளியே தெரியாது, உள்ளே ஆழமாகப் போகும். பன்னிரண்டாம் தேதி பார்ப்பேன், இருந்தால் சொத்தை விழும் முன் அன்றே அடைப்பேன்.

3. மீதிக் கொம்பை இப்போதைக்கு யாரும் தொடப் போவதில்லை. தொடும் நாளில் நான்தான் தொடுவேன். நீங்கள் பக்கத்தில் நின்று தண்ணீர் விடலாம். உங்கள் கை நடுங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

4. எங்கள் கேஸ் ஷீட்டில் "கோளாறு" என்று அச்சடித்த கட்டம் ஒன்று இருக்கிறது. நேற்று அதை அடித்துவிட்டு "வடிவம்" என்று எழுதினேன். பெரிய டாக்டர் திருப்பி அனுப்பினார். மறுபடி அடித்து அனுப்பியிருக்கிறேன். இனி வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்பேன்.

5. அவள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளின் முன்பல்லையும் பார்க்க அனுமதி கேட்டேன். பெற்றோர் பயப்படுவார்கள் என்று தலைமையாசிரியை மறுத்துவிட்டார். பதினான்காம் தேதி திங்கட்கிழமை நேரில் போகிறேன். நீங்களும் வருகிறீர்கள். வாயைத் திறந்து பல்லைக் காட்ட வேண்டாம், உங்களை ஜன்னல் என்று கூப்பிட்டதை மட்டும் அவரிடம் சொன்னால் போதும்.

6. அக்டோபரில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பேன். வேர் வளர்ந்திருந்தால் நல்லது. நின்றிருந்தால் திறந்து, அடியை அடைத்து, அதற்கு அடுத்த வழியைப் பார்ப்பேன். பெரிய டாக்டர் பிடுங்கச் சொன்னாலும் சரி, நீங்கள் பிடுங்கச் சொன்னாலும் சரி, அந்தப் பல் அவள் வாயில்தான் இருக்கும்.